நல்ல காரியத்துக்குக் கருப்புப் பட்டு கட்டலாமா?

தம்பி கல்யாணத்துக்கென்று ஆசையாக ஒரு கருப்புப் பட்டு எடுத்திருக்கிறீர்கள். மாமியார் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துல கருப்பா?" என்று கேட்டுவிட்டார். பச்சை என்றால் அமைதி, சிவப்பு என்றால் கோபம், கருப்பு என்றால் துக்கம் என்று எங்கோ ஒரு பட்டியலும் படித்திருக்கிறீர்கள். நிறங்களுக்கு உண்மையிலேயே இப்படி அர்த்தம் உண்டா, எல்லாம் நாமாகக் கட்டிய கதையா என்பது உங்கள் கேள்வி.

சேலையைக் கட்டலாம். எப்படிக் கட்டினால் வீட்டில் மனஸ்தாபம் வராது என்பதைப் பிறகு சொல்கிறேன். நிறத்தின் அர்த்தம் பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீட்டில் வளர்ந்து, அப்புறம் சேலைக் கடையில் காலம் தள்ளியவன் நான். ஒருவர் ஆசையாக எடுத்து மடியில் போட்டுக்கொள்ளும் அதே நிறத்தை அடுத்தவர் தொடக்கூட மறுப்பதை அன்றாடம் பார்த்திருக்கிறேன். நிறங்களுக்கு அர்த்தம் உண்டு, அது பொய்யில்லை. ஆனால் எந்த நிறமும் தனியாக நின்று எதையும் சொல்லிவிடாது. யார் உடுத்துகிறார், எந்த நாளில் உடுத்துகிறார், பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். நீங்கள் படித்த மாதிரிப் பட்டியல்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

கருப்பையே எடுத்துக்கொள்வோம். உங்கள் மாமியார் சொல்வது தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் கேட்கிற பேச்சுதான். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், கிரகப்பிரவேசம் என்றால் கருப்பைத் தள்ளி வைத்துவிடுவார்கள். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் துணிகூடக் கருப்பாக இருக்கக் கூடாது. ஆனால் அதே வீட்டில் குழந்தை பிறந்ததும் கன்னத்தில் கருப்புப் பொட்டு வைக்கிறார்கள், இடுப்பில் கருப்புக் கயிறு கட்டுகிறார்கள், கையில் கருப்பு வளையல் போடுகிறார்கள். பிராமணக் குடும்பங்கள் பலவற்றில் வளைகாப்புக்குக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எடுப்பதே கருப்புப் புடவைதான். மசக்கைப் புடவை என்பார்கள். கடையில் "வளைகாப்புக்குக் கருப்பு வேணும், அரக்கு பார்டர் போட்டு" என்று அவர்கள் கேட்கும்போது, பக்கத்தில் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் சட்டென்று திரும்பிப் பார்க்கும். ஒரு வீட்டில் மங்கலத்துக்கு ஆகாத நிறம், இன்னொரு வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்குக் காவல்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் கல்யாணத்தின் அடையாளம் கருகமணி. கன்னடர், தெலுங்கர், மராத்தியர் தாலியிலும் கருப்பு மணி கோத்திருக்கும். மகாராஷ்டிரத்தில், நாம் பொங்கல் கொண்டாடும் நாளில் வருகிற மகர சங்கராந்திக்குக் கருப்பு உடுத்துவதுதான் வழக்கம். புதுமணப் பெண்ணுக்கு அந்த வருஷம் கருப்புப் புடவையே எடுத்துக் கொடுப்பார்கள். குளிர்காலத்தில் கருப்புத் துணி வெயிலின் சூட்டை உடம்பில் தங்க வைக்கும் என்று காரணமும் சொல்வார்கள்.

கருப்பை ஒதுக்குகிறவர்களுக்கும் கட்டுகிறவர்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். கெட்டதுக்கும் கருப்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். ஒருவர் அதனால் விலகுகிறார், இன்னொருவர் அதையே கேடயமாகப் பிடிக்கிறார்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கருப்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிற அவமதிப்பையே கையில் எடுத்துக்கொண்டு திருப்பிக் காட்டுவது. பெரியார் செய்தது அதுதான். 1945ல் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கினார். திராவிடர் கழகக் கொடி முழுக்கக் கருப்பு, நடுவில் சிவப்பு வட்டம். சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவைக் கருப்பும், அதை ஒழிக்கும் போராட்டத்தைச் சிவப்பும் குறிக்கும் என்று விளக்கம். 1948ல் சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. ஒரு சட்டை நிறம் அரசாங்கத்தைத் தொந்தரவு செய்யும் அளவுக்குப் பேசியிருக்கிறது என்றால், நிறத்துக்கு அர்த்தமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

கார்த்திகை பிறந்தால் அதே கருப்பு ஐயப்ப சாமிகள் உடம்பில் ஏறிவிடும். மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கிறவரைச் சின்னப் பையனாக இருந்தாலும் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறோம். பஸ்ஸில் இடம் கொடுக்கிறோம். அந்த மாதத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் கருப்பு வேட்டி கட்டிய பக்தரும் கருப்புச் சட்டை போட்ட கடவுள் மறுப்பாளரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று டீ குடிப்பதைப் பார்க்கலாம். பார்க்கிற யாருக்கும் எவர் யார் என்பதில் குழப்பம் வராது. கழுத்தில் இருக்கிற மாலை, நெற்றியில் இருக்கிற சந்தனம், மாதம், நிற்கிற தோரணை எல்லாம் சேர்ந்து சொல்லிவிடும்.

சாயம் போடுகிறவர் பார்வையில் கருப்புக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. ரசாயனச் சாயம் வருவதற்கு முன்னால் நல்ல கருப்பு எடுப்பது லேசான வேலையில்லை. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்க விடுவார்கள். கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியில் அந்தத் தண்ணீர் பட்டதும் கருத்துவிடும். ஆந்திரத்துக் கலம்காரித் துணிகளில் கருப்புக் கோடு வரைவது இன்றும் இப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இரும்பு நாளடைவில் நூலை அரித்துவிடும். பழைய துணிகளில் மற்ற நிறங்கள் இருந்த இடம் நன்றாக இருக்க, கருப்பு ஓடிய இடம் மட்டும் பொடிந்து போயிருப்பது உண்டு.

சிவப்பு இதற்கு நேர் எதிர். சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலும் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்று ஒரு செடியின் வேரைத் தோண்டி எடுத்தார்கள். படிகாரம் ஏற்றிய பருத்தியில் அந்த வேரின் சிவப்பு அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. இலங்கையில் அந்த வேரைத் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சாயத்துணிகளுக்கு ஐரோப்பியர்கள் அப்படி மயங்கியதால் அங்கே உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போய், பிரான்ஸ் 1686லும் இங்கிலாந்து 1700லும் இவற்றின் இறக்குமதிக்குத் தடை போட்டன. 1868ல் ஜெர்மனியில் கிரேப், லீபர்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அலிசரின் என்கிற சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக உண்டாக்கிய பிறகுதான் வேர் தோண்டும் தொழில் படுத்தது. நல்ல நாளுக்குச் சிவப்பு என்று நம் முன்னோர் தேர்ந்ததில் ரத்தம், வளம் என்ற காரணங்களோடு, விலை கூடுதலான, வெளுக்காத நிறம் என்ற மதிப்பும் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, அந்தச் சிவப்பாவது எல்லா இடத்திலும் நல்லதா என்றால் அதுவும் இல்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே காத்திருக்கும். பல நிறப் பட்டுகள் இருக்கிற பெட்டிக்குள் பட்டர் பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுப்பதாகவும், அதுதான் அந்த வருஷத்துக்கான குறி என்றும் சொல்வார்கள். பச்சைப் பட்டு வந்தால் மழை பெய்யும், நாடு செழிக்கும். மஞ்சள் வந்தால் வீடுகளில் மங்கல காரியங்கள் நடக்கும். வெள்ளை என்றால் நடுத்தரம். சிவப்பு வந்தால் விளைச்சல் குறையும், ஊரில் அமைதி இருக்காது. அந்தக் கூட்டத்தில் நிற்கிற பெண்களில் எத்தனையோ பேர் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையில் தாலி கட்டிக்கொண்டவர்கள். கல்யாண மேடையில் மங்கலம், ஆற்றங்கரையில் எச்சரிக்கை. இரண்டையும் ஒரே மனசு முரண்பாடில்லாமல் வைத்துக்கொள்கிறது.

வெள்ளையும் அப்படித்தான். கேரளத்தில் கல்யாணத்துக்கே கசவு வைத்த வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். இலங்கையில் சாவு விழுந்த தெருவில் வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள். இங்கே துக்கத்துக்குக் கருப்பு பேட்ஜ் குத்துகிறோம். 1840ல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடையில் மணம் முடித்த பிறகு அது ஐரோப்பாவில் மணப்பெண் நிறமாகப் பரவி, நம் ஊர் தேவாலயங்கள் வரை வந்து சேர்ந்தது.

மேல்நாட்டு ஆராய்ச்சி என்ற பெயரில் வரும் பட்டியல்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 1979ல் அமெரிக்காவில் சியாட்டிலில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ஒரு வகை ரோஸ் நிறம் அடித்தார்கள். கைதிகளின் ஆவேசம் தணிந்துவிட்டது என்று செய்தி பரவி, பல நாட்டுச் சிறைகள் அதே பெயிண்டைத் தேடி வாங்கின. பிறகு சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது ரோஸ் அறைக்கும் சாதாரண அறைக்கும் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. அந்த ரோஸ்தான் பெண் குழந்தைக்கு என்று இன்று கடைகளில் ஒதுக்கி வைக்கிறார்கள். 1918ல் ஒரு அமெரிக்க ஆடை வணிக இதழ், ரோஸ் அழுத்தமான நிறம் என்பதால் ஆண் குழந்தைக்கும், நீலம் மென்மையானது என்பதால் பெண் குழந்தைக்கும் ஏற்றது என்று எழுதியது. முழுக்கத் தலைகீழாகிவிட்டது.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் வாழ்க்கையில் இந்த அளவுக்குக் கையோடு ஒட்டிய நிறம் வேறு இல்லை. தாலிக்கயிறு மஞ்சள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் சேலை கட்டுகிறார்கள். புதுத் துணி எதுவானாலும் ஒரு ஓரத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்துவிட்டுத்தான் உடுத்துகிறோம்.

இந்த மஞ்சள், சாயமாகப் பார்த்தால் நிலையில்லாத ஒன்று. வெயிலில் காய்ந்தால் வெளுத்துப்போகும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று சிவந்துவிடும். பயந்து போகாமல் நன்றாக அலசி வெயிலில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற பொருள் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்) பட்டால் சிவக்கும் தன்மை உடையது, சோப்பில் அந்தக் காரம் இருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் இந்த வேதியியலைச் சடங்காகவே வைத்திருக்கிறார்கள். ஆரத்தித் தட்டைக் கவனியுங்கள். தண்ணீரில் மஞ்சள்பொடியைக் கரைக்கிறபோது வெறும் மஞ்சள் தண்ணீர்தான். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை விரல்நுனியில் கொஞ்சம் எடுத்து அதில் கலக்கினால், விரல் போன வழியில் முதலில் ஒரு சிவப்புக் கோடு ஓடும், அப்புறம் தட்டு முழுக்க ரத்தச் சிவப்பாகிவிடும். மணமக்களுக்குச் சுற்றி வாசலில் கொட்டுகிற தண்ணீர் அது. பழைய முறையில் குங்குமம் செய்வதும் மஞ்சளிலிருந்துதான். வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் புரட்டி உலர்த்தினால் மஞ்சள் சிவந்து குங்குமமாகும். மஞ்சளையும் குங்குமத்தையும் ஒரே தட்டில் ஜோடியாக வைக்கிறோமே, இரண்டும் ஒரே கிழங்கு. எனக்கு இதில் தீராத ஆச்சரியம் உண்டு. கண்ணெதிரே ஒரு பொருள் இன்னொரு நிறமாக மாறுவதைப் பார்த்த மனிதர்கள், அந்த நிறங்களுக்கு ஒரு சக்தி இருப்பதாக நினைத்ததில் வியப்பே இல்லை.

இவ்வளவு மங்கலமான மஞ்சள், கடைத்தெருவில் வேறு மாதிரி. "அவன் மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டான்" என்றால் கடன்காரர்களுக்கு வயிறு கலங்கும், ஆள் திவாலாகிவிட்டான் என்று அர்த்தம். துணிக்கடையில் கொடுக்கிற மஞ்சப்பையையே பாருங்கள். கல்யாண ஜவுளி எடுத்த வீட்டில் அது கௌரவம். அதே பையைத் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பட்டிக்காட்டான் என்று பார்ப்பார்கள். கல்லூரிக்கு வந்த எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் அந்தப் பையைச் சுருட்டி மறைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. இன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற இளைஞர் அக்கறையுள்ளவர் என்று பெயர் வாங்குகிறார். அதே துணி, அதே சாயம். நம் கண்ணெதிரிலேயே, ஒரு தலைமுறைக்குள் அர்த்தம் மாறியிருக்கிறது.

நிறத்தை வெறும் அடையாளமாக வைத்துக்கொள்வதும் அன்றாடம் நடக்கிறது. "ரெண்டு ப்ளூ, ஒரு ஆரஞ்சு" என்று பால் பூத்தில் கேட்கிறோம். ஆவினில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு என்றால் 6 சதவீதம். இதில் மனசுக்கு எந்த வேலையும் இல்லை, பழக்கம்தான். ஆனால் பழக்கம் ஒரு இடத்தில் ஆபத்தாகிவிடும். பூச்சிமருந்து டப்பாவின் மேல் சாய்சதுரத்தில் ஒரு நிறம் போட்டிருப்பார்கள். சிவப்பு கொடிய விஷம், அதற்கு அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சைக்கு அங்கே 'விஷம் குறைவு' என்றுதான் பொருள், 'விஷமே இல்லை' என்று பொருள் கிடையாது. ஆனால் பச்சையைப் பார்த்தால் இயற்கை, பாதுகாப்பு என்றே பழகிய மனசு, முகத்தில் துணி கட்டாமல் மருந்தடிக்கச் சொல்லும். விவசாயம் பார்க்கிற சொந்தக்காரர்கள் இருந்தால் இதை மட்டும் அவர்களுக்குத் தவறாமல் சொல்லுங்கள். ரயிலில்கூடப் பச்சைக்கு ஆரம்பத்திலிருந்தே 'போகலாம்' என்ற பொருள் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சிவப்பு ஆபத்து, பச்சை எச்சரிக்கை, வெள்ளைதான் 'போகலாம்'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் விளக்கு வெள்ளையாகத் தெரிந்துவிடும், வேறு ஏதோ விளக்கையும் சிக்னல் என்று நினைத்துவிடலாம் என்ற பயத்தில்தான் பிறகு பச்சைக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊரார் கொடுத்த அர்த்தம். நீங்கள் ஏன் அத்தனை சேலையிலும் கருப்பைத்தான் எடுத்தீர்கள் என்பது வேறு விஷயம். அது உங்களுடையது. கடையில் நிறத்துக்கு நம்பர் சொல்லி யாரும் கேட்பதில்லை. மாம்பழக் கலர், வெங்காயக் கலர், கத்திரிப்பூ, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாந்துளிர், பாக்குக் கலர், காப்பிப்பொடி, எம்.எஸ். ப்ளூ என்றுதான் கேட்பார்கள். இந்தக் கடைசி நீலம் எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் வந்த பெயர். அவர் மேடையில் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு அது பக்தியும் சங்கீதமும் சேர்ந்த நிறம். பேத்திகளுக்கு அது ஒரு நல்ல நீலம், அவ்வளவுதான். "எங்க அம்மா தீபாவளிக்கு கட்டுவாங்களே, அந்த மாதிரி பச்சை" என்று கேட்டு வருகிறவர்களுக்கு எந்தப் பச்சையை எடுத்துப் போட்டாலும் திருப்தி வராது. அவர்கள் தேடுவது நூலில் இருக்கிற பச்சையை இல்லை.

ஒரு தடவை ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேத்தியின் சடங்குக்குச் சேலை. அந்த அம்மாவுக்குக் கணவர் தவறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அரக்கில் ஒரு சேலையை எடுத்தார், முந்தானையை விரித்தார், ஜரிகையை விரலால் நீவிப் பார்த்தார், அப்படியே மடித்து வைத்துவிட்டு "சந்தனக் கலர்ல எதாவது போடுங்க தம்பி" என்றார். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டுக்கும் பில் போடச் சொன்னார். புருஷன் போனதும் பெண்ணிடமிருந்து நிறத்தைப் பிடுங்கிக்கொள்கிற வழக்கத்தை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது. வெள்ளையும் சந்தனமும் அழகான நிறங்கள். அவரவர் விருப்பத்தில் எடுத்தால் அழகு. இன்று பல வீடுகளில் இது தளர்ந்து வருகிறது, அந்த மகள் மாதிரியானவர்களால்தான்.

நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் தோலின் நிறத்தைப் பேசாமல் விட்டால் பதில் பாதிதான். பெண் பார்க்கிற பேச்சில் படிப்பு, வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் "பொண்ணு கலரா இருக்குமா?" என்ற கேள்வி வருகிறது. 1975ல் வந்த ஒரு முகப்பூச்சு தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுப்பதற்கு 2020 வரை ஆனது. கடையில் அம்மாக்களே மகள் கையிலிருந்து பளிச்சென்ற சேலையைப் பிடுங்கி வைப்பார்கள், "உன் கலருக்கு இது எடுக்காது" என்று. அந்தப் பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்க்கவே மனசு கஷ்டப்படும். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், எடுக்கும். அரக்கு, கடுகு மஞ்சள், வாடாமல்லி, மயில்கழுத்து போன்ற அழுத்தமான நிறங்கள் கருத்த மேனியில் நிற்கிற மாதிரி வேறெங்கும் நிற்பதில்லை. மயில்கழுத்து என்பது பாவில் (நீளவாக்கு நூலில்) நீலமும் ஊடையில் (குறுக்கு நூலில்) பச்சையும் ஓடுவது. நடக்கிறபோது மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். அதைக் கருத்த தோளில் போட்டுப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

சரி, உங்கள் சேலைக்கு வருவோம். முதலில் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் கருப்பாகத் தெரிகிற பட்டு வெயிலில் கரும்பச்சையாகவோ கருநீலமாகவோ தெரிவது சகஜம். வெளிச்சம் மாறினால் கண் மாறித்தான் கணக்குப் போடும். 2015ல் ஒரு உடையின் போட்டோவை வைத்து நீலமும் கருப்புமா, வெள்ளையும் தங்கமுமா என்று உலகமே அடித்துக்கொண்டது இதனால்தான். நிஜத்தில் அது நீலமும் கருப்பும். உங்கள் சேலை கருநீலமாகத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

சுத்தக் கருப்புதான் என்றால் பார்டரைப் பாருங்கள். அரக்கு, மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு என்று கோர்வை பார்டர் (உடம்புக்கு வேறான நிறத்தில் கோர்த்து நெய்த கரை) இருந்தால் பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், உடம்பு கருப்பாக இருந்தாலும் கண்ணுக்குப் படுவது பார்டரும் முந்தானையும்தான். ரவிக்கையைக் கருப்பில் தைக்காமல் பார்டர் நிறத்தில் தையுங்கள். ஒரே நிறமாக வெறும் கருப்பு என்றால், தாலி கட்டுகிற நேரத்துக்கு வேறு சேலையும், வரவேற்புக்கு இதுவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு வெளிச்சத்தில் கருப்பில் ஜரிகை தூக்கிக் காட்டுகிற மாதிரி வேறு எதிலும் காட்டாது. மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவருக்கு அந்தப் பயம் பாசத்தில் வருகிறது, தம்பி வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் சொல்கிறார். "நீங்களே மஞ்சள் தொட்டு வெச்சுக் குடுங்க அத்தை" என்று சேலையை அவர் கையில் கொடுங்கள். பல வீடுகளில் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி உள்பக்கத்து ஓரத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். கருப்பு ஒட்டினால் நூலில் பிடிக்காத சாயம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வியர்வை பட்டால் பாவாடையிலும் இடுப்பிலும் இறங்கும், எடுத்த கடையிலேயே காட்டி மாற்றிக் கேளுங்கள். ஒட்டவில்லை என்றால் பயமில்லாமல் கட்டலாம். விசேஷம் முடிந்ததும் அப்படியே மடித்து பீரோவில் வைக்காமல் நிழலில் காற்றாட விட்டு, டிரைகிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். வேறு நிறப் பட்டோடு சேர்த்து நனைக்க வேண்டாம்.